தேன்சிட்டுக்காக அடைத்த கதவு

பாப்பா,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, காலேஜில் இங்கிலீஷ். தமிழ் உனக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தோடு வந்து, மத்தியானச் சாப்பாட்டோடு போய்விடுகிற பாஷை. அதனால் இதை மெதுவாகவே படி. அவசரமாகப் படித்தால் நான் திட்டுகிற மாதிரி இருக்கும். சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூர் போகிற பஸ்ஸில் பாதி ஆயுசைக் கண்டக்டராகக் கழித்தவன் நான். கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தி, இப்போது பேனாவைப் பிடித்தாலும் சத்தமாகத்தான் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதி ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாய். "நைனா, கம்பெனில என்ன மெக்சிகோ ஃபேக்டரிக்கு அனுப்பறன்றாங்க. ரெண்டு வருஷம். அடுத்த திங்கக்கெழம பதில் சொல்லணும். நான் போவட்டுமா?" என்று கேட்டாய். "யோசிச்சி சொல்றேன்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? பயந்துபோய்விட்டேன், அவ்வளவுதான். ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள் என்றுதான் உன்னைப் பழகியிருந்தேன். சாயங்காலம் லேட்டானால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். மெக்சிகோ எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. உன் அம்மா பழைய அட்லஸை எடுத்துவந்து, பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, "இங்க கீது பாரு, அமெரிக்காவுக்குக் கீழ தொங்கிக்கினு கீது" என்று காட்டினாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். நம் சொந்தக்காரர்கள் ஜெபத்தை எங்கே செய்தார்கள்? தீர்ப்பைத்தான் எழுதினார்கள். உன் பெரியப்பா வாய்ஸ் மெசேஜே அனுப்பினார். "முப்பது தாண்டின பொண்ண மொதல்ல ஒருத்தன் கையில புடிச்சிக் குடுடா. மெக்சிகோல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்." அத்தை ஏதோ துப்பாக்கிச் சண்டை வீடியோவை அனுப்பி, கீழே கைகூப்புகிற படம் ஒன்றும் போட்டிருந்தாள். ஆகையால் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பின கையோடு அதே குரூப்பிலும் போடப்போகிறேன். எல்லாரும் படிக்கட்டும். என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியட்டும்.

உனக்குக் கேமரா பைத்தியம் பிடித்த புதிதில் நானும் சிரித்தவன்தான். உன்னோடு வேலை செய்கிறவர் ஒருவரிடமிருந்து பழைய கேமராவையும், சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸையும் வாங்கிக்கொண்டு வந்தாய். ஊரில் எல்லாரும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போட்டோ எடுப்பார்கள். நீயோ குருவிக்கும் கொக்குக்கும் என்றாய். லென்ஸ் கனம் தாங்காமல் கை ஆடுகிறது என்று சொன்னதும், உன் அம்மா என் பழைய காக்கி பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே ரேஷன் அரிசியைக் கொட்டிக் கொடுத்தாள். அதன்மேல் லென்ஸை வைத்தால் அசையாது. நான் ரிட்டையர் ஆன பிறகும் என் பேன்ட்டு உன்னோடு ஊர் சுற்றியது. அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

பங்காருபாளையத்தில் மாந்தோப்புக்கு என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போனாயே, அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மா பூத்திருந்த நேரம். விடிகிறதற்குள் போய் மரத்தடியில் குப்புறப் படுத்துவிட்டாய். சருகைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக் குருவி வரும், பச்சையும் நீலமுமாக இருக்கும், வயிற்றடியில் மட்டும் சிவப்பு என்று சொல்லியிருந்தாய். தோப்புக்காரர் வந்து உன்னையும் கேமராவையும் பார்த்துவிட்டு, "சர்வேக்கி ஒச்சினாரா?" என்று என்னைக் கேட்டார். நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். நான் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "லேதண்டி, பிட்ட கோசம்" என்றேன். குருவிக்காக என்று சொன்னதுதான் தாமதம், அந்தக் குருவி எழுந்து பக்கத்து ஊருக்கே போய்விட்டது. நீ தலையைத் திருப்பாமலே, "நைனா, நீ இன்னா பஸ்ஸுக்கா டிக்கெட் குடுக்கற?" என்றாய். கோபப்படுவாய் என்று பார்த்தேன். அப்படியே படுத்துக்கொண்டு சிரித்தாய். வெயில் ஏறுகிறவரை காத்திருந்தும் அது திரும்ப வரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறோமே என்ற வருத்தம் எனக்குத்தான் இருந்தது. உன் முகத்தில் அது இல்லவே இல்லை. "அது இங்க கீதுன்னு தெரிஞ்சிதில்ல, போதும்" என்றாய். நானாக இருந்தால் தோப்புக்காரரோடு சண்டை போட்டிருப்பேன்.

குரூப்பில் எல்லாரும் இன்றைக்கும் முணுமுணுக்கிற அந்த விஷயத்துக்கு வருகிறேன். அரைகுறையாகக் கேட்டவர்கள் முழுசாகக் கேட்கட்டும்.

கிறிஸ்மஸுக்குக் கட்டின ஸ்டாரைப் புதுவருஷம் முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். எனக்குச் சோம்பேறித்தனம். ஜனவரி போய்விட்டது. போர்ட்டிகோவில், முன்வாசலுக்கு நேராக, ஒரு முழம் ஒயரில் காகித ஸ்டார் ஆடிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டம்மா பால் வாங்கப் போகும்போதெல்லாம், "ஏமண்டி, ஸ்டார் இங்கா தீய்யலேதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இறக்கிடறேன், இறக்கிடறேன் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஒருநாள் ஏணியை எடுத்தேன். நீ அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தாய். "ஏணிய வெக்காத நைனா!" என்று நீ போட்ட கூச்சலில் ஏணி என் காலிலேயே விழுந்தது. ஸ்டாரின் அடியில் சிலந்தி நூலும் காய்ந்த இலையும் பஞ்சுமாக ஒரு சின்னச் சுருக்குப்பை தொங்கியது. அதன் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அதற்குள்ளிருந்து வளைந்த மூக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் உடனே, "அடடே, ஹம்மிங் பேர்டு!" என்றேன். எத்தனை தடவை நீ சொல்லியிருக்கிறாய், இந்தியாவிலேயே ஹம்மிங் பேர்டு கிடையாது என்று. இது தேன்சிட்டு. ஆண், வெயிலில் கருநீலமாக மின்னும். பெண், மங்கின மஞ்சள். ஹம்மிங் பேர்டு பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றே குடிக்கும், பின்பக்கமாகக்கூடப் பறக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் சர்ச் வாசலில் நாலு பேர் கேட்டால், "நம்ம பாப்பா ஹம்மிங் பேர்டெல்லாம் போட்டோ புடிக்கறா" என்றுதான் வாயில் வரும். தேன்சிட்டு என்றால் சாதாரணமாகக் கேட்டுக்கொள்வார்கள். ஹம்மிங் பேர்டு என்றால் கொஞ்சம் கெத்தாக இருக்குமே என்கிற ஆசை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ வந்து, பக்கத்து அறை ஜன்னல் திரையில் ஓட்டை போட்டு, காக்கிப் பையின்மேல் லென்ஸை வைத்து உட்கார்ந்துகொள்வாய். ஃபிளாஷ் கூடாது, ஃபேன் கூடாது, நான் தும்மக்கூடக் கூடாது. கிழிந்த ஸ்டார் காகிதம் ஒன்று கூட்டின் வாசலை மறைத்துக்கொண்டு தொங்கியது. உனக்கு அது படத்தில் குறுக்கே விழுகிறதே என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். "கை வெக்காத நைனா. அந்தக் காய்தத்தாலதான் அதுக்கு வெயிலு தாக்காம கீது. காக்கா கண்ணுக்கும் தெரியாது" என்றாய். படம் கெட்டுப்போகுமே என்றேன். கெடட்டும் என்றாய். உதவி செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதில் அன்றைக்கு எனக்கு ரோஷம். இப்போது நினைத்தால், நாள் முழுக்க உட்கார்ந்து எடுக்கிற படத்தை, ஒரு காகிதத்தை நறுக்கினால் கிடைக்கிற படத்தை, இப்படி யார் விடுவார்கள் என்று பெருமையாக இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் திருப்பதிச் சம்பந்தம் வந்தது. பையன் அமெரிக்காவில் வேலை. நல்ல குடும்பம், நம் சபைதான். ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்கள் ஆரம்பித்துவிட்டால் நம்மவர்கள் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். லீவில் வந்திருந்த பையனோ ஈஸ்டர்வரை இருக்கமாட்டான். லெந்து ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை ஒன்றுதான் பாக்கி. அந்த வாரம் பார்த்துக் குஞ்சு பொரித்துவிட்டது. நீ முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டு, அதன் குறுக்கே நாற்காலியையும் போட்டுவிட்டாய். "ஒடம்புல முடியே இல்ல நைனா. அம்மாக்காரி மேல உக்காந்து சூடு குடுத்தாதான் பொழைக்கும். கதவு தெறக்கறப்பல்லாம் அது பறந்து ஓடுது" என்றாய். மாப்பிள்ளை வீட்டார் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். "பொறக்கட வழியா" என்றாய், ஏதோ பால்காரரைச் சொல்கிற மாதிரி.

வந்தார்கள். பக்கத்துச் சந்து வழியாக, துணி துவைக்கிற கல்லையும் கோழிக் கூண்டையும் தாண்டிக்கொண்டு வந்தார்கள். பையனின் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தபோது, தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது எனக்கு. ஆனாலும் அந்தம்மா நல்லபடியாகத்தான் பேசினார். "உங்க நைனா போன்ல சொன்னாரு, நீ ஹம்மிங் பேர்டு போட்டோ புடிப்பியாமே? எங்க பையன் ஊட்டு ஜன்னல்லகூட டெய்லி வருதாம்" என்றார். பையனும் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தான். நீ ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், பேச்சு வளர்ந்திருக்கும். "இல்ல ஆன்ட்டி, நைனா ஆசையில சொல்லிட்டாரு. நம்ம ஊருல ஹம்மிங் பேர்டு கெடையாது. இது தேன்சிட்டு" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

அதையும் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போதுதான் அந்தம்மா, "வந்ததுதான் பொழக்கடையா வந்துட்டோம். போறப்பயாவது முன்வாசல் வழியா போவோமே. நல்ல காரியம் பாரு" என்றார். நியாயமான பேச்சு. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எழுந்து போய் நாற்காலியை நகர்த்தினேன். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன். நீ கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். தடுக்கவில்லை. என் கோபம் உனக்குத் தெரியும், எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஒரு நிமிஷம் தெறந்தா செத்தா பூடும்?" என்று உறுமினேன்.

"தெரில நைனா" என்றாய். "சாவாமகூட இருக்கும். எனக்குத் தெரில. தெரியாததாலதான் வேணான்றேன்."

செத்துப்போகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் இரக்கப்பட்டு அடங்கியிருப்பார்கள். அந்தப் பொய் உனக்கு எவ்வளவு சுலபம்! குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை. அந்தம்மா பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கங்க ஆன்ட்டி. உங்கள மரியாதை கொறச்சலா நடத்தணும்னு இல்ல" என்றாய். நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர்கள் வந்த வழியாகவே போனார்கள். இரண்டு நாள் கழித்து, ஒத்துவராது என்று மெசேஜ் வந்தது.

பெரியப்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாரே, குருவிக்காக மாப்பிள்ளையை விட்டவள் என்று. மிச்சத்தையும் அவர் கேட்டுக்கொள்ளட்டும். இரண்டு குஞ்சில் ஒன்று கூட்டைவிட்டு இறங்கின அன்றைக்கே காக்கை கொத்திக்கொண்டு போய்விட்டது. நான் போனில் சொன்னேன். "இன்னொண்ணு?" என்று கேட்டாய். அது முருங்கை மரத்தில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பிளக்கிறது, அம்மாக்காரி புழு கொண்டுவந்து கொடுக்கிறது, நல்லா துன்னுது என்றேன். போனிலேயே நீ அழுதாய். சந்தோஷத்தில்தான் அழுதாய் என்று உன் அம்மா சொன்னாள். மாப்பிள்ளை போனதற்கு ஒரு சொட்டு விடாதவள், முருங்கை மரத்துக் குஞ்சுக்கு அழுகிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அதே நேரத்தில், இவள் என் பெண் என்று யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வருமா என்று கேட்காதே. வந்தது.

நீ எடுத்த அந்தக் கூட்டுப் படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. பாதிப் படத்தைச் சிவப்புக் காகிதம் மறைத்திருக்கிறது. அதன் ஓரத்தில் இரண்டு மஞ்சள் வாயும், உள்ளே நுழைகிற ஒரு மூக்கும் மட்டும் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும், "காய்தத்த எடுத்துட்டு எடுத்திருக்கலாமே" என்கிறார்கள். நான் அவர்களுக்குக் காபி கொடுத்து, உட்காரவைத்து, மேலே எழுதின கதை முழுக்கச் சொல்கிறேன். உன் அம்மா அடுக்களைக்குள் போய்விடுகிறாள், அவளுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சரி, கொஞ்சம் புத்தியும் சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அப்பன் எழுதின கடிதம் என்று யார் நம்புவார்கள்? கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டே பின்பக்கமாக நடக்காதே. நீ ஏரிக் கால்வாயில் விழுந்தபோது தூக்க நான் இருந்தேன். காட்டுப் பக்கம் போனால் உள்ளூர் ஆள் ஒருவரோடு போ. லீவு நாளில் குருவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் இருந்துவிடாதே. அங்கே உனக்கு யாரையாவது பிடித்திருந்தால், எந்த ஊர், எந்தச் சபை என்று பயந்துகொண்டு மூன்று மாதம் கழித்துச் சொல்லாதே. என்னிடம் சொல். கத்துவேன். கத்தி முடித்தபிறகு கேட்பேன்.

போன ஞாயிறு நீ போனை வைக்கிறதற்கு முன்னால் கேட்டேனே, "அவ்ளோ தூரம் போறியே, பத்திரமா இருப்பியா?" என்று. இருப்பேன் நைனா, ஒன்றும் ஆகாது என்று நீ சொல்வாய், நானும் தூங்கலாம் என்று பார்த்தேன். "தெரில நைனா. போய்ப் பாத்தாதான் தெரியும்" என்றாய். இந்த ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாதது அந்தப் பதில்தான். என்னைத் தைரியமாக்கினதும் அதுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பெண்ணை, தெரிந்த மாதிரி பேசுகிற ஊரில் பிடித்துவைக்க எனக்கு என்ன அவசியம்?

குஞ்சுக்கு இறக்கை முளைத்தால் பறக்க வேண்டியதுதானே என்று எழுதி முடித்தால் பாஸ்டர்கூட ஆமென் சொல்வார். ஆனால் நீ குஞ்சு இல்லை பாப்பா. அத்தனை பேர் எதிரில், அப்பன் தாழ்ப்பாளில் கை வைத்திருக்கும்போது, குரலை உயர்த்தாமல் நின்ற மனுஷி. உனக்கு நான் எதைக் கற்றுக்கொடுக்க?

பெரியப்பா நேற்று மறுபடி கூப்பிட்டார். "நீ வேணான்னு ஒரு வார்த்த சொன்னா போவமாட்டாடா, உம்மேல அவ்ளோ பாசம் அவளுக்கு" என்றார். அவர் என்னைத் தைரியப்படுத்தத்தான் சொன்னார். நான் பேச்சை முடிக்காமலே போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அது நிஜம். நான் வேண்டாம் என்றால் நீ இருந்துவிடுவாய். சண்டை போடமாட்டாய், முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்ளமாட்டாய், சனிக்கிழமை பஸ் ஏறி வந்து வழக்கம்போல முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுப்பாய். என் ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பலம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருக்கிறது.

அதனால் பதில் சொல்லமாட்டேன். போ என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். நீ என்னைக் கேட்டதே தப்பு. திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு. "போவட்டுமா" என்று கேட்காதே. "போய்ட்டு வரேன் நைனா" என்று சொல். நான் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அதற்குமேல் என்னால் பேச முடியாது.

உன் நைனா